உழவு இயந்திரத்துக்கேற்ற எண்ணெயும் சூடேறாமற் காக்கும் முறையும்

குளத்து நீர் வாய்க்காலில் வந்துவிட்டது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புக்கென்று குறித்த நாளும் நெருங்கிவிட்டது. அயல் வயல்களெல்லாம் இரண்டாம் உழவு முடிந்து மட்டஞ் செய்யப்படுகின்றன. உங்கள் வயலில் மட்டும் உழவு இயந்திரம் நடுச்சேற்றில் ஆவி கக்கியபடி நிற்கின்றது. இந்நிலை எந்தக் கமக்காரருக்கும் வரலாகாது. ஆயினும் போகந்தோறும் சிலருக்கு வந்துகொண்டேயிருக்கிறது. எஞ்சினைத் திருத்தும் செலவைக் கடன்பட்டாவது சமாளிக்கலாம். முறைநீரும் விதைப்பு நாளும் தவறினால் அவற்றை மீட்டல் இயலாது.

இவ்வாறு எஞ்சின் சூடேறியவுடன் பலர், "ஊற்றிய ஒயில் மெல்லியது, அதனாற்றான் கொதித்தது" என்று எண்ணி, அடுத்த முறை அதனிலும் தடித்த எண்ணெயை வாங்கி ஊற்றுகின்றனர். இது நோயறியாமற் கொடுக்கும் மருந்தாகும். சூடேறுதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெயின் மென்மையன்று. நீர் குறைதல், காற்று வழி அடைபடுதல், அளவுக்கு மேற்பட்ட சுமை, மாற்ற வேண்டிய காலத்தில் எண்ணெயை மாற்றாமை என்பனவே அதற்குக் காரணங்களாம். இவை நான்கும் கமக்காரர் தம் கையாலேயே தடுக்கக்கூடியவை. இத்துண்டுப்பிரசுரம் அவற்றை முறையாக விளக்குகின்றது. பேச்சு வழக்கில் லாண்ட்மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரத்தையே இங்கு முதன்மையாகக் கருதியுள்ளோம். எனினும் கூறப்படுவனவற்றுட் பெரும்பாலானவை நான்குசில்லு உழவு இயந்திரத்துக்கும் பொருந்தும்.

எஞ்சின் ஏன் சூடேறுகிறது?

டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் வேலையாக மாறுகின்றது. மற்றொரு பங்கு புகையுடன் வெளியேறிவிடுகின்றது. எஞ்சிய பங்கை நீரும், காற்றும், எண்ணெயும் எஞ்சினிலிருந்து அகற்றியாக வேண்டும். வீதியில் விரைந்தோடும் லொறிக்கு அதன் ஓட்டத்தினாலேயே காற்று எதிர்வந்து வீசுகின்றது. வயலில் உழும் இயந்திரமோ மனிதன் நடக்கும் வேகத்திற் செல்வது. அதற்கு எதிர்க்காற்றில்லை, சுமையோ நாள் முழுவதும் குறைவதில்லை. சூடடிக்கும்போது இயந்திரம் ஒரே இடத்தில் நிற்க, பதரும் வைக்கோற் கூளமும் அதைச் சூழ்ந்து பறக்கின்றன. ஆகையால் வீதியிலோடும் வாகனத்துக்குச் செய்யும் பராமரிப்பிலும் மேலான பராமரிப்பு வயலில் உழைக்கும் இயந்திரத்துக்குத் தேவையென்பதை உணர்தல் வேண்டும்.

எண்ணெய் செய்யும் வேலை

எஞ்சின் எண்ணெய் உராய்வைக் குறைப்பதற்கு மட்டும் ஊற்றப்படுவதன்று. அது நான்கு வேலைகளைச் செய்கின்றது. இரும்பும் இரும்பும் நேரே உரசாதவாறு அவற்றுக்கிடையே மெல்லிய படலமாக நிற்கின்றது. நீர் சென்றடைய முடியாத உட்பகுதிகளின் வெப்பத்தை ஏந்திவந்து கீழே விடுகின்றது. பிஸ்டனுக்கும் உருளைச் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெளியை அடைத்து, அமுக்கம் குறையாமற் காக்கின்றது. டீசல் எரிவதாலுண்டாகும் கரியை ஓரிடத்திற் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்கின்றது.

ஆகையால், டீசல் எஞ்சினில் ஊற்றிய புதிய எண்ணெய் சில மணி நேரத்திற் கறுத்துவிட்டால் அதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. கரியை ஏந்தும் தன் கடமையை அது செய்கின்றதென்பதே பொருள். பலமணி நேரம் ஓடியும் எண்ணெய் தெளிவாயிருப்பின், கரி எங்கே படிகின்றதென்றுதான் ஐயுறவேண்டும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. எண்ணெயின் மட்டம் தானாக உயர்ந்து டீசல் மணம் வீசினால் எரிபொருள் கலந்துள்ளது. இவ்விரண்டிலும் எஞ்சினை ஓட்டாது நிறுத்தித் திருத்துநரிடம் காட்டுதல் வேண்டும்.

கலனிலுள்ள எழுத்துக்களும் எண்களும்

எண்ணெய் வாங்கும்போது கலனின் நிறத்தையும் விலையையும் மட்டும் பாராது, அதில் அச்சிட்டிருக்கும் இரண்டு குறிப்புக்களைப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, எஸ்.ஏ.ஈ. என்னும் எழுத்துக்களுடன் வரும் எண். இது எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும், தரத்தைக் குறிப்பதன்று. எஸ்.ஏ.ஈ. 40 என்பது எஸ்.ஏ.ஈ. 30 என்பதிலும் தடித்தது. அதனிலும் சிறந்ததென்று கொள்ளலாகாது. 15 டபிள்யூ 40 என்பதுபோல இரண்டு எண்கள் காணப்பட்டால், டபிள்யூவுடன் நிற்கும் முதலெண் உறைபனிக் குளிரில் அந்த எண்ணெய் எவ்வளவு இளகியிருக்கும் என்பதையும், இரண்டாமெண் 100 பாகை செல்சியசில், அதாவது ஓடிச் சூடான எஞ்சினில், அதன் தடிப்பு எவ்வளவு என்பதையும் குறிக்கும். எனவே 15 டபிள்யூ 40 எண்ணெயும் எஸ்.ஏ.ஈ. 40 எண்ணெயும் சூடான நிலையில் ஒரே வகுப்பைச் சேர்ந்தனவே.

வன்னியிலும், யாழ்ப்பாணத்திலும், மட்டக்களப்பிலும் கடுங்குளிர் என்பதில்லை. அங்கே இரண்டாமெண்ணே கவனிக்கத்தக்கது. உங்கள் இயந்திரக் கையேடு வெப்பமான காலநிலைக்கு எஸ்.ஏ.ஈ. 30, எஸ்.ஏ.ஈ. 40, 15 டபிள்யூ 40 ஆகியவற்றுள் எதைக் கூறுகின்றதோ அதையே வாங்குங்கள். நுவரெலியா போன்ற மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் சில விடியற்காலைகளில் தரையில் உறைபனி படிவதுமுண்டு. அங்குள்ளோர் கையேடு அனுமதிக்குமாயின் 15 டபிள்யூ 40 போன்ற இரட்டை எண் எண்ணெயைத் தெரிந்தெடுத்தல் நலம். குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது அது எல்லாப் பாகங்களையும் விரைவிற் சென்றடையும்.

இரண்டாவது, ஏ.பி.ஐ. என்னும் எழுத்துக்களுடன் வரும் தரக்குறிப்பு. இது சி என்னும் எழுத்துடன் தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கும், எஸ் என்னும் எழுத்துடன் தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கும் உரியது. இரண்டு குறிப்புக்களும் ஒரே கலனில் இருப்பதுமுண்டு. சி.டி., சி.எப்., சி.எப். 4, சி.எச். 4, சி.ஐ. 4 என்பன டீசலுக்குரிய தரங்கள். இவற்றுள் சி.டி. 1955 ஆம் ஆண்டிலும், சி.எப். 1994 ஆம் ஆண்டிலும், சி.எச். 4 1998 ஆம் ஆண்டிலும், சி.ஐ. 4 2002 ஆம் ஆண்டிலும் வந்தவை. கையேடு "சி.எப். அல்லது அதற்கு மேற்பட்டது" எனக் கூறுமாயின், அதன்பின் வந்த தரங்களையும் ஊற்றலாம், அதற்குக் கீழ்ப்பட்ட பழைய தரத்தை விலை குறைவென்று வாங்குதல் ஆகாது. எஸ் எழுத்து மட்டுமுள்ள பெற்றோல் எண்ணெய், டீசற் கரியை நெடுநேரம் ஏந்திநிற்கும் ஆற்றல் குன்றியது. அதை டீசல் எஞ்சினில் ஊற்றாதீர்கள்.

முத்திரை உடைந்த கலனிலும், பெயர் அச்சிடாத போத்தலிலும் விற்கப்படும் எண்ணெயை வாங்காதிருத்தல் வேண்டும். பெரும்பாலான இருசில்லு இயந்திரங்களின் எஞ்சின் ஏறத்தாழ 2 முதல் 3 லீற்றர் எண்ணெயையே கொள்ளும். அச்சிறு அளவில் மிச்சப்படுத்தும் பணம், பிஸ்டனும் உருளையும் மாற்றும் செலவுக்கு முன்னே ஒரு பொருட்டன்று. கியர்ப்பெட்டிக்குரிய எண்ணெய் வேறு; அதைக் கையேட்டைப் பார்த்துத் தனியே வாங்குங்கள்.

தடித்த எண்ணெய் சூட்டைத் தணிக்குமா?

தணிக்காது. அளவுக்கு மிஞ்சித் தடித்த எண்ணெய், ஒடுங்கிய வழிகளில் மெதுவாகவே செல்லும். ஆகவே வெப்பத்தையும் மெதுவாகவே ஏந்திவரும். அதனைக் கலக்கிச் சுழற்றுவதற்கே எஞ்சின் தன் வலுவிற் சிறிது செலவிட, அதுவும் வெப்பமாக மாறும். காலையில் இயக்கும்போது மேற்பாகங்களை எண்ணெய் சென்றடையும்வரை அவை உலர்ந்தபடியே உரசும்.

தேய்ந்த எஞ்சினில் நீலப்புகை வருமாயின், தடித்த எண்ணெய் அப்புகையைச் சில நாட்களுக்குக் குறைத்துக் காட்டலாம். ஆனால் தேய்ந்த வளையத்தை அது புதுப்பிப்பதில்லை. கையேட்டில் எஸ்.ஏ.ஈ. 30 அல்லது 40 என்று இரண்டும் அனுமதிக்கப்பட்டிருந்தால், பழைய எஞ்சினுக்கு 40 ஐத் தெரிந்தெடுக்கலாம். கையேட்டின் எல்லையைக் கடந்து செல்வது நன்றன்று.

எண்ணெயின் மட்டமும் மாற்றுங் காலமும்

நாள்தோறும் எஞ்சினை இயக்குமுன் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, அளவுகோலை வெளியே எடுத்துத் துணியால் துடைத்து, மீண்டும் உள்ளிட்டுப் பார்த்தல் வேண்டும். கோலை எந்த அளவுக்கு உள்ளிடுவது, திருகி இறுக்குவதா என்பன எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். கையேடு கூறியவாறு செய்க. வரம்பிற் சரிந்து நிற்கும் இயந்திரத்தில் அளந்தால் கோல் பொய் சொல்லும். மட்டம் கீழ்க்கோட்டுக்குக் குறையலாகாது, மேற்கோட்டைத் தாண்டவுமாகாது. "கூட இருந்தால் நல்லதுதானே" என்று நிரம்ப ஊற்றினால், சுழலும் பாகங்கள் எண்ணெயை அடித்து நுரைக்கச் செய்யும். நுரைத்த எண்ணெய் உராய்வையும் தடுக்காது, வெப்பத்தையும் ஏந்தாது.

"போகத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவோம்" என்று கூறுவோர் பலர். இயந்திரத்துக்குப் போகக் கணக்குத் தெரியாது. அதற்கு மணிக்கணக்கே உண்டு. சிறிய டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு ஏறத்தாழ 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுமாறு கையேடுகள் கூறுகின்றன. புதிய எஞ்சினுக்கு முதல் மாற்றம் அதனிலும் முன்னதாகவே செய்யப்படல் வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழுதால், 13 ஆம் நாளில் நூறு மணி நேரம் கடந்துவிடும். சொந்த வயலை உழுதபின் கூலிக்கும் உழுபவர் இருபது நாளில் 160 மணி நேரம் ஓட்டிவிடுகின்றார். அவர் போக முடிவுவரை காத்திருப்பாராயின், கரியை ஏந்தும் ஆற்றல் குன்றிய எண்ணெயைக் கொண்டே உழவின் பிற்பகுதியை முடிக்கின்றார். ஆகையால் சிறு கொப்பியொன்றில் அன்றன்று ஓடிய மணி நேரத்தைக் குறித்து வாருங்கள்.

எண்ணெயை மாற்றும்போது எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்தி, இளஞ்சூட்டில் அடித் திருகாணியைக் கழற்றி முழுவதும் வடியவிடல் வேண்டும். எண்ணெய் வடிகட்டி இருப்பின் கையேட்டிற் கூறிய காலத்தில் அதைக் கழுவியோ புதியது பூட்டியோ கொள்க.

நீரைப் பற்றிய கவனம்

உங்கள் எஞ்சின் எவ்வகையானது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். சில ஒற்றை உருளை எஞ்சின்களின் மேல் திறந்த நீர்த்தொட்டி இருக்கும். இவற்றில் நீர் கொதித்து ஆவியாவதே குளிரச்செய்யும் முறை. ஒரு லீற்றர் நீரைக் கொதிநிலைவரை சூடாக்கத் தேவையான வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பத்தை, அந்நீர் முழுவதும் ஆவியாகும்போது எடுத்துச் செல்கின்றது. ஆகவே இவ்வகை எஞ்சினில் ஆவி எழுவது பழுதன்று. நீர் குறைவதே ஆபத்து. மட்டங்காட்டும் மிதவை தாழ்ந்தவுடன் நீர் சேர்த்தல் வேண்டும்.

ரேடியேற்றர் உள்ள எஞ்சினிலோ நீர் கொதிக்கவேகூடாது. கொதிக்குமாயின் எங்கோ பழுதுண்டு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து நீர் மட்டத்தைப் பார்த்துக்கொள்க. கையேடு கூறும் குளிராக்கித் திரவத்தை நீருடன் கலந்து ஊற்றினால் உட்புறம் துருப்பிடியாது காக்கலாம். உறைபனி இல்லாத இடத்திலும் இப்பயன் உண்டு.

எந்த நீரை ஊற்றுவது என்பதும் முக்கியம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கற் பாறையினாலானது. பல கிணறுகளின் நீர் வன்மையானது. அந்நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்தில் வெண்படிவு படிவதை நீங்கள் அறிவீர்கள். அதே படிவு எஞ்சினின் உள்ளேயும் படிகின்றது. நீர்த்தொட்டி எஞ்சினில் இத்தீமை இரட்டிப்பாகும்; ஏனெனில் நீர் மட்டுமே ஆவியாகிச் செல்ல, அதிலிருந்த சுண்ணம் அங்கேயே தங்குகின்றது. மீண்டும் மீண்டும் நீர் சேர்க்கச் சேர்க்கப் படிவு தடிக்கின்றது. இப்படிவு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. தொட்டி நிறைய நீர் நின்றாலும் உருளை சூடேறும். மாரியில் மழைநீரைச் சுத்தமான கலனிற் சேர்த்து வைத்து எஞ்சினுக்கு ஊற்றுவது இதற்கு எளிய பரிகாரமாகும். வாய்க்காற் சேற்றுநீரை ஊற்றாதீர்கள். வேறு வழியில்லாதபோது துணியில் வடித்து ஊற்றி, வேலை முடிந்ததும் அதனை வடியவிட்டு நல்ல நீர் நிரப்புக.

காற்றும் சுமையும்

ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்கிடையே பதரும் சேறும் அடைத்துக்கொண்டால், விசிறி சுழன்றும் பயனில்லை. சூடடிப்பு நாட்களில் நண்பகலிலும் ஒருமுறை நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் மென்மையான தூரிகையால் கூளத்தை அகற்றுங்கள். கூரிய கம்பியாற் குத்தினால் தகடுகள் வளையும், குழாய்கள் துளைபடும். விசிறியின் பெல்ட் தளர்ந்திருக்கின்றதா, வெடித்திருக்கின்றதா என்பதை எஞ்சின் நின்றிருக்கும்போது பார்க்க. நீரிறைக்கும் சிறு எஞ்சின்கள் போன்று காற்றினாற் குளிர்வனவற்றுக்கு உருளையைச் சுற்றியுள்ள செதில்களே ரேடியேற்றராகும். அவற்றில் எண்ணெய்க் கசிவும் புழுதியும் சேர்ந்து இறுகவிடலாகாது.

எஞ்சின் மூச்சுவிடும் காற்று வடிகட்டியும் அத்துணை முக்கியம். புழுதியுழவின்போது நாள்தோறும் அதைத் திறந்து பார்க்க. எண்ணெய்க் கிண்ணமுள்ள வடிகட்டியாயின், சேறுபட்ட எண்ணெயை அகற்றிக் குறித்த கோடுவரை சுத்தமான எண்ணெய் ஊற்றுக.

கரும்புகை தொடர்ந்து வருவது எஞ்சினின் முறைப்பாடு என்று கொள்ளுங்கள். வடிகட்டி அடைபட்டிருத்தல் வேண்டும். அல்லது சுமை மிஞ்சியிருத்தல் வேண்டும். ஆழ்சேற்றில் வேகமான கியரைத் தவிர்த்துக் குறைந்த கியரில் உழுக. ஒரே முறையில் ஆழமாக உழ முயலாது, இரண்டு முறையாக உழுதால் நேரம் சிறிது கூடினாலும் எஞ்சின் நிலைக்கும். சுழலும் கத்திகளில் வைக்கோல் சுற்றியிருந்தால் எஞ்சினை நிறுத்திய பின்பே அகற்றுக.

எஞ்சின் மிகச் சூடேறினால் செய்யவேண்டியவை

1. உழவை உடனே நிறுத்திக் கியரை விடுவித்து, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் சுமையின்றி ஓடவிடுக. திடீரென நிறுத்தினால் நீரின் ஓட்டம் நின்று, சூடு ஓரிடத்தில் தங்கும். ஆனால் நீர் முழுவதும் வடிந்துவிட்டாலோ, விசிறிப் பெல்ட் அறுந்தாலோ, எண்ணெய் அமுக்கம் குறைந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தாலோ, தாமதியாது நிறுத்துக.

2. சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறவாதீர்கள். அமுக்கத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்திற் பீறி அடிக்கும். குழந்தைகளை அண்டவிடாதீர்கள். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, மூடியைத் தொடக்கூடிய நிலை வந்தபின், தடித்த துணியைப் போட்டுச் சிறிதளவு திருகி ஆவியை வெளியேற்றி, அதன்பின் முழுவதும் திறக்க.

3. நீர் வற்றிய சூடான எஞ்சினுக்குக் குளிர்நீர் ஊற்றாதீர்கள். இரும்பு வெடிக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய வெறுஞ்சட்டியில் நீர் தெளித்தால் நேர்வதை எண்ணிப் பாருங்கள். கைபொறுக்குஞ் சூட்டுக்கு வந்தபின் சிறிது சிறிதாக ஊற்றுக.

4. காரணத்தைக் கண்டறியாமல் மீண்டும் உழவைத் தொடங்காதீர்கள். நீர் மட்டம், கசிவு, பெல்ட், ரேடியேற்றர்த் தகடு, காற்று வடிகட்டி, எண்ணெய் மட்டம் என்ற ஒழுங்கிற் பார்த்து வருக. எண்ணெய் பால்போல வெளுத்திருந்தாலோ, இவை யாவும் சரியாயிருந்தும் மீண்டும் கொதித்தாலோ திருத்துநரை அழைப்பதே முறை.

கழிவெண்ணெய்

வடித்தெடுத்த கறுத்த எண்ணெயை வாய்க்காலிலோ வரம்போரத்திலோ கொட்டாதீர்கள். அது நீரின்மேற் படலமாகப் பரந்து வயல்தோறும் செல்லும். சுண்ணக்கல் நிலத்தில் வெடிப்புக்களின் வழியே இறங்கி, நீங்கள் குடிக்கும் கிணற்றையே சென்றடையும். மூடியுள்ள கலனிற் சேர்த்து வைத்து, கழிவெண்ணெய் சேகரிப்போரிடமோ, அதை ஏற்கும் வாகனத் திருத்துமிடத்திலோ ஒப்படைத்துவிடுங்கள். எண்ணெய் பட்ட கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும் வேண்டும்.

கமக்காரர்களே, ஏர் பூட்டிய காலத்தில் நம் முன்னோர் எருதுக்கு நீர் காட்டாமல் உழவுக்கு இறங்கியதில்லை. வெயிலேறியதும் அதனை அவிழ்த்து நிழலிற் கட்டினர். எருது களைத்தால் படுத்துவிடும்; அதைக் கண்டு நாம் நிறுத்திவிடுவோம். இயந்திரமோ உடையும்வரை ஓடும். ஆதலின் அதன் களைப்பை நாமே முன்னறிந்து காத்தல் வேண்டும். காலையில் நீரும் எண்ணெயும் பார்க்கப் பத்து நிமிடம், நண்பகலில் கூளம் அகற்றப் பத்து நிமிடம், மாலையில் மணிக்கணக்கை எழுத ஒரு நிமிடம் போதும். இவ்வளவைச் செய்து வருவீர்களாயின், வாய்க்காலில் நீர் வரும் நாளில் உங்கள் இயந்திரமும் ஆயத்தமாக நிற்கும். விதைப்பும் காலத்தில் முடியும் என்பது திண்ணம். மேலும் விளக்கம் வேண்டுவோர், இயந்திரக் கையேட்டையும் கையிற் கொண்டு தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறிந்து கொள்க.